தனியா பறக்கப் போறீங்களா? முதல் ஒற்றை இருக்கை கிளைடர் எப்படி இருக்கணும்?

மாசி, பங்குனி மாதங்களில் டெல்டா பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயல். மேலே ஒரு கருடன். இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே மேலே போகும். பத்து நிமிஷத்தில் புள்ளியாகிவிடும்.

அந்தப் பறவை செய்வது மாயம் இல்லை. சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றுக்குள் நுழைந்து, அதிலிருந்து வெளியே போய்விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காற்று மேலே போகிறது, கூடவே பறவையும் போகிறது. பைலட்கள் இந்தக் காற்றுத் தூணை ‘தெர்மல்’ என்பார்கள். இதே வேலையை மனிதன் செய்ய உருவாக்கிய விமானம்தான் கிளைடர். எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. நீளமான இறக்கை, ஒல்லியான உடல், பெரும்பாலும் ஒரே ஒரு சக்கரம்.

கிளைடர் என்றதும் பலருக்கு ஏலகிரி மாதிரி மலைகளில் பறக்கும் பாராகிளைடர் ஞாபகம் வரும். அது வேறு. அது துணியால் ஆனது, முதுகில் கட்டிக்கொண்டு ஓடிக் கிளம்புவது. நாம் பேசப்போவது முழு விமானம். கண்ணாடி மூடி உண்டு, கையில் ஸ்டிக், காலில் ரடர் பெடல், எதிரே உயரமும் வேகமும் காட்டும் மீட்டர்கள் உண்டு. கிளம்ப மட்டும் வெளியே இருந்து உதவி வேணும். தரையில் இருக்கும் வின்ச் கயிற்றை வேகமாகச் சுருட்டி இழுத்துவிடும், இல்லையென்றால் எஞ்சின் உள்ள இன்னொரு சின்ன விமானம் கட்டி இழுத்துக்கொண்டு போகும். அதன்பிறகு கயிற்றை விட்டுவிட்டால் நீங்களும் காற்றும்தான்.

பயிற்சி எப்போதும் இரண்டு இருக்கை கிளைடரில்தான் நடக்கும். கூடவே பயிற்றுநர் இருப்பார், நீங்க தப்பு செய்தால் அவர் கை ஸ்டிக்கைப் பிடித்துவிடும். ஒற்றை இருக்கைக்கு மாறும்போது அந்தக் கை இல்லை. அதைவிட முக்கியம், அந்த விமானத்தில் யாரும் உங்களுக்கு முன்னாடி ‘காட்டி’ தர முடியாது. அந்த ரகத்தில் உங்களுடைய முதல் பயணமே தனிப்பயணம். அதனால் எந்தக் கிளைடரில் அந்த முதல் பயணம் என்பது ரசனை சார்ந்த கேள்வி இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

எத்தனை மணி நேரம் பறந்தா ‘அனுபவம்’?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஆச்சரியமானது. கிளைடர் பைலட் உரிமத்துக்கு 6 மணி நேரப் பறத்தல் போதும். அதில் 2 மணி நேரம் தனியாக, குறைந்தது 20 முறை கிளம்பி இறங்கியிருக்க வேண்டும். வயது 16. ஐரோப்பாவில் இன்னும் கொஞ்சம் கறார்: 15 மணி நேரம், 45 முறை கிளம்பி இறங்க வேண்டும்.

இதை டூ வீலர் கணக்கில் யோசித்துப் பாருங்க. மொத்தம் 15 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டிய ஒருத்தர், கையில் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக ரேஸ் பைக் ஷோரூமுக்குள் நுழைந்தால் நாம என்ன சொல்வோம்? கிளைடர் உலகத்திலும் அதேதான். உரிமம் வாங்கினவுடன் ‘நல்ல பெர்ஃபார்மன்ஸ்’ உள்ள பழைய போட்டிக் கிளைடரைக் குறைந்த விலைக்கு வாங்கும் ஆசை வரும். ‘இப்ப கஷ்டமா இருந்தாலும் போகப்போகப் பழகிடும்’ என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வாதம். பழகும்தான். ஆனா பழகுற வரைக்கும் இடையில் இருக்கும் அந்த 30, 40 பயணங்களை யார் பாதுகாப்பது?

நம்ம ஊர்ல கிளைடர் இருக்கா?

இருக்கிறது, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு. புனே ஹடப்சரில் உள்ள கிளைடிங் சென்டர் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கீழ் நீண்ட காலம் இயங்கி வந்தது. வின்ச் மூலம் கிளப்பும் முறையே அங்கே வழக்கம். தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் கிளைடரில் பயிற்சி எடுக்கணும் என்றால் பெரும்பாலும் வடக்கே ரயில் ஏற வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் நாமே கிளைடர் செய்தோம் என்பது இன்றைய தலைமுறைக்குத் தெரியாத கதை. சுதந்திரத்துக்குப் பிறகு சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் வரிசையாக கிளைடர்களை வடிவமைத்தது. அவற்றின் பெயர்களைப் பாருங்க: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. ஆமாம், பஞ்சாங்கத்தில் இருக்கும் நட்சத்திர வரிசையேதான். நாம் திருவாதிரை என்று சொல்வதுதான் ஆர்த்ரா. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-ல் முதலில் பறந்தது. பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு இருக்கை விமானம் அது. 1963-ல் பறந்த கார்த்திக், ஒற்றை இருக்கை. 1979-ல் வந்த ஆர்த்ரா மீண்டும் இரண்டு இருக்கை, முன்னும் பின்னுமாக. மாணவருக்கு ஒன்று, அடுத்த கட்டத்துக்கு ஒன்று என்று ஒரு நாடு தனக்கான ஏணியைத் தானே செய்து வைத்திருந்தது. அந்த ஏணி இன்று இல்லை. என்.சி.சி. விமானப் பிரிவும் இப்போது மாணவர்களை ஏற்றுவது எஞ்சின் உள்ள மைக்ரோலைட்டில்தான்.

அப்போ தஞ்சாவூரில் இருந்து இதைப் படிக்கிறவருக்கு இதனால் என்ன? ரெண்டு வகையினருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஒன்று, கமர்ஷியல் பைலட் பயிற்சிக்கு வீட்டை விற்கும் அளவுக்குச் செலவாகிறதே, அதற்கு முன் பறப்பது நமக்கு ஒத்துவருமா என்று கிளைடரில் பார்த்துவிடலாம் என நினைக்கும் மாணவர்கள். இரண்டு, ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று வேலைக்குப் போய், அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் கிளைடர் கிளப்பில் சேரும் நம்ம ஆட்கள். அங்கே பழைய ஒற்றை இருக்கை கிளைடர் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்குவது சாதாரணம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிளைடர் பயிற்சி வீண் இல்லை என்பதற்கு 1983 ஜூலை 23 ஒன்று போதும். நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா போயிங் 767-ஐ, கனடாவின் கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார் கேப்டன் பாப் பியர்சன். அவர் ஒரு கிளைடர் பைலட்.

தஞ்சாவூர் டு கும்பகோணம்: ஒரு கணக்கு

கிளைடர் வாங்குறவங்க முதலில் கேட்பது ‘கிளைடு ரேஷியோ எவ்வளவு?’ என்பதுதான். பைக்குக்கு மைலேஜ் கேட்கிற மாதிரி. ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் எத்தனை கிலோமீட்டர் முன்னே போகும் என்பதே அது.

தஞ்சாவூருக்கு மேலே சரியாக 1,000 மீட்டர் உயரத்தில், காற்றே அசையாத நேரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கம் மூக்கைத் திருப்புகிறீர்கள். நேர்க்கோட்டில் சுமார் 33 கி.மீ. 1957-ல் வந்த ஜெர்மன் கிளைடரான கே.ஏ. 8-ன் விகிதம் 27. அது சுவாமிமலையை ஒட்டி இறங்கிவிடும். விகிதம் 34, 35 இருக்கும் ஏ.எஸ்.கே. 23, எஸ்.இசட்.டி. 51 ஜூனியர் ரெண்டும் மகாமகக் குளத்தைத் தொட்டுவிடும். விகிதம் 40 உள்ள எல்.எஸ். 4 கும்பகோணத்தைத் தாண்டி திருவிடைமருதூரை நெருங்கிவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு. நிஜத்தில் எதிர்க்காற்று இருக்கும், இறங்குகாற்று இருக்கும், பத்திரமாக வட்டமிட்டு இறங்க 300 மீட்டராவது கையிருப்பு வேணும். அதோடு தஞ்சாவூர் வானம் விமானப்படைக்குச் சொந்தமான வானம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிச்சீங்களா? விகிதம் 27-ல் இருந்து 40-க்குப் போனால் கிடைப்பது ஒரு டவுன் தூரம். புதிய பைலட்டுக்கு அந்த டவுன் தூரம் தேவையே இல்லை. அவர் பெரும்பாலும் ஓடுதளத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் சுற்றப் போகிறார். அவருக்குத் தேவை வேறு சில குணங்கள். ஆனா விளம்பரத்தில் அந்தக் குணங்களை யாரும் எண்ணாகப் போடுவதில்லை.

நிஜமாகப் பார்க்க வேண்டியது என்ன?

முதலில், ஸ்டால். கிளைடரின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். நல்ல பயிற்சிக் கிளைடர்கள் இதை முன்கூட்டியே சொல்லும். ஸ்டிக் தளர்ந்ததுபோல் இருக்கும், உடல் லேசாக நடுங்கும், காற்றுச் சத்தம் அடங்கும். அப்படியும் விட்டுவிட்டால் மூக்கைக் கீழே இறக்கி தானாகவே வேகம் எடுக்கும். சில போட்டிக் கிளைடர்கள் இப்படி இல்லை. எச்சரிக்கை கொஞ்சம், தண்டனை உடனடி. ஒரு பக்க இறக்கை பட்டென்று விழுந்து, விமானம் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். இதுதான் ஸ்பின்.

ஸ்பின் உயரத்தில் நடந்தால் மீளலாம், பயிற்சியே உண்டு. ஆபத்து கடைசித் திருப்பத்தில். ஓடுதளத்தை நோக்கித் திரும்புகிறீர்கள், கொஞ்சம் தாண்டிவிட்டது. தரை பக்கத்தில் இருப்பதால் சாய்க்கப் பயம். சாய்க்காமல் காலால் ரடரை அழுத்தி மூக்கைத் திருப்பப் பார்ப்பீர்கள். மூக்கு கீழே போகும், உடனே கை தன்னிச்சையாக ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும். உள்பக்க இறக்கையின் வேகம் ஏற்கெனவே குறைவு, இப்போது அது ஸ்டாலாகிறது. உயரம் 100, 150 மீட்டர். மீள இடமே இல்லை. உலகம் முழுக்க கிளைடர் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. இந்தத் தப்பைச் செய்யும்போது சில விநாடி அவகாசம் கொடுக்கும் கிளைடரா, கொடுக்காத கிளைடரா? என் கணக்கில் தேர்வின் பாதி இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடுகிறது.

அடுத்தது, இறங்குவது. கிளைடருக்கு எஞ்சின் இல்லாததால் ‘இன்னொரு ரவுண்டு போய் வரலாம்’ என்பது கிடையாது. உயரம் அதிகமாக இருந்தால் குறைக்க ஒரே கருவி, இறக்கையின் மேல் எழும்பும் ஏர்பிரேக் தகடுகள். அது பலமாக இருக்கணும். 1967-ல் வந்த ஸ்டாண்டர்ட் லிபெல் பறக்க அருமையான கிளைடர், பார்க்கவும் அழகு. ஆனா அதன் ஏர்பிரேக் பலவீனம் என்பது ஊரறிந்த விஷயம். உயரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிந்தவருக்கு அது பிரச்சினையே இல்லை. கணிக்கக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு?

வேகமும் அப்படித்தான். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் தரை தொடுவதற்கும் 110-ல் தொடுவதற்கும் வித்தியாசம் 20 தானே என்று தோன்றும். ஆனால் நிற்பதற்குள் கரைக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. ஓடுதளத்தில் சமாளிக்கலாம், வயலில் முடியாது.

மூன்றாவது, வால். பெரும்பாலான கிளைடர்களில் வாலின் பின்பகுதி மட்டும் அசையும். 1969-ல் வந்த ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் போன்ற சிலவற்றில் கிடைமட்ட வால் முழுசாக அசையும். விரல் அசைந்தாலே மூக்கு மேலும் கீழும் போகும். கட்டி இழுக்கப்படும்போது புதியவர் கொஞ்சம் பதறினால், அவர் திருத்தம் செய்யச் செய்ய ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பழைய சிர்ரஸ் விலை மலிவாகக் கிடைக்கும், புள்ளிவிவரமும் பிரமாதமாக இருக்கும். அதனாலேயே அதிகம் சிக்குவது அதில்தான்.

கயிறு மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கணும். வின்ச்சுக்கு வயிற்றுப் பக்கம் கொக்கி வேணும். விமானம் கட்டி இழுப்பதற்கு மூக்கில் இருப்பது நல்லது. வயிற்றுக் கொக்கியில் மாட்டி விமானத்தால் இழுக்கும்போது கிளைடர் சட்டென்று மேலே எகிற வாய்ப்பு உண்டு. அப்படி எகிறினால் முன்னால் போகும் விமானத்தின் வாலையும் தூக்கிவிடும். அங்கே ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை மாட்டிவிட்டது. உள்ளே மடங்கும் சக்கரம் உள்ள கிளைடரில் கைக்கு எட்டும் தூரத்தில் ரெண்டு நெம்புகோல் இருக்கும்: ஒன்று ஏர்பிரேக், ஒன்று சக்கரம். இறங்கும் பதற்றத்தில் ஏர்பிரேக்கை இழுப்பதாக நினைத்து சக்கரத்தை உள்ளே இழுத்தவர்கள் உண்டு. ‘ஏன் இறங்கவே மாட்டேங்குது’ என்று யோசித்துக்கொண்டே ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நிலையான சக்கரம் என்றால் இந்தக் கதைக்கே இடமில்லை. இழப்பது கொஞ்சம் கிளைடு ரேஷியோ, அவ்வளவுதான்.

ஒல்லியா இருக்கீங்களா? இதைக் கட்டாயம் படிங்க

இது நம்ம பசங்களுக்கு ரொம்ப முக்கியம். கிளைடர்களை வடிவமைத்தவர்கள் ஐரோப்பிய உடல்வாகை மனசில் வைத்தே செய்தார்கள். ஒவ்வொரு கிளைடருக்கும் பைலட்டின் குறைந்தபட்ச எடை உண்டு, பல ரகங்களில் அது 70 கிலோவை ஒட்டி இருக்கும். நம்ம ஊரில் 17, 18 வயதுப் பையனோ பெண்ணோ 50 கிலோ இருப்பது சாதாரணம்.

குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் என்ன? பைலட் உட்காருவது முன்பக்கம். முன்னால் எடை குறைந்தால் விமானத்தின் எடை மையம் பின்னுக்குப் போகும். பின்னுக்குப் போனால் விமானம் நிலைகொள்ளாது, ஸ்பின்னுக்குள் எளிதாகப் போகும், வெளியே வர அடம்பிடிக்கும். அதாவது மேலே சொன்ன ‘நல்ல பிள்ளை’ கிளைடரும் ஒல்லியான பைலட் உட்கார்ந்தால் கெட்ட பிள்ளையாகிவிடலாம். தீர்வு எளிது: முன்னால் ஈயக் கட்டி பொருத்துவது. அதற்கு அந்தக் கிளைடரில் முறையான இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்கணும். இருக்கைக்கடியில் எதையாவது திணித்து வைப்பது வேலைக்கு ஆகாது. பறக்கும்போது அது நகர்ந்து ஸ்டிக்கை அடைத்துவிட்டால் கதை முடிந்தது.

சரி, எதைத்தான் எடுக்கலாம்?

பொதுவாக கிளப்புகள் புதியவரை ஏற்றும் ஒற்றை இருக்கைகள் சில. ருடால்ஃப் கைசர் என்ற ஜெர்மன் வடிவமைப்பாளரின் கே.ஏ. 8 அதில் மூத்தது. எஃகுக் குழாய் உடல், மர இறக்கை, மேலே துணி. மெதுவாகப் பறக்கும், சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றும். பலவீனமான தெர்மலில் நவீன கிளைடர்கள் திணறும்போது இது மேலே ஏறிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்றில் மட்டும் நகரவே நகராது.

அதே கைசர், பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்படும் இரண்டு இருக்கை ஏ.எஸ்.கே. 21-ஐயும் வடிவமைத்தார். அதற்குத் தம்பியாக 1983-ல் வந்தது ஒற்றை இருக்கை ஏ.எஸ்.கே. 23. 21-ல் கற்றவர் 23-ல் ஏறினால் பழகிய வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். நிலையான சக்கரம், சாந்தமான ஸ்டால், 15 மீட்டர் இறக்கை. என்னைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான், கூடவே போலந்தின் ஜூனியருக்கும். ஜூனியரும் இதே ஜாதகம்: நிலையான சக்கரம், கோபமில்லாத குணம், விகிதம் 35.

போலந்திலிருந்தே இன்னொன்று, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பி.டபிள்யூ. 5. உலகம் முழுக்க எல்லாரும் ஒரே ரகக் கிளைடரில் போட்டியிடட்டும் என்ற எண்ணத்தில் தேர்வானது. இறக்கை 13.44 மீட்டர்தான். எடை குறைவு, தரையில் கையாள்வது சுலபம்.

குரோப் ஆஸ்டிர் 1974-ல் வந்தது. உள்ளே இடம் தாராளம், உயரமானவர்களுக்கு வசதி. சக்கரம் மடங்கும். ‘கிளப் ஆஸ்டிர்’ என்ற ரகத்தில் மடங்காது. இறக்கையைத் தூக்கிப் பொருத்த நாலு பேராவது தோள் கொடுக்கணும், அவ்வளவு கனம். 1980-ல் வந்த எல்.எஸ். 4, விகிதம் 40 இருந்தும் குணத்தில் தங்கம் என்று பெயர் எடுத்தது. ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆனாலும் அது இரண்டாவது கிளைடர் என்பதே என் கருத்து. ஜூனியரில் 30, 40 பயணம் முடித்துவிட்டு அதில் ஏறினால் ரசிக்கலாம், முதல் நாளே ஏறினால் அது ஓட்டும், நீங்க உட்கார்ந்திருப்பீங்க.

பழசு வாங்கும்போது

2010 ஜூன் மாதம் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் என்ற உலோகக் கிளைடரின் இறக்கை நடுவானில் முறிந்து உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். காரணம் உலோகச் சோர்வு. வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததில் வந்த விரிசல். அதன்பிறகு உலகெங்கும் அந்த ரகக் கிளைடர்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பல கிளப்புகளின் ஒரே பயிற்சி விமானம் ஒரே நாளில் பயனற்றதாகிப்போனது. அதனால் வாங்கும் முன் பார்க்க வேண்டியது பெயின்ட் பளபளப்பை இல்லை, அந்த ரகத்துக்கு இதுவரை வந்த பாதுகாப்பு உத்தரவுகள் என்னென்ன, அந்த வேலையெல்லாம் இதில் செய்திருக்கிறார்களா என்பதை. பதிவேட்டில் இல்லாத வேலை செய்யாத வேலைதான்.

மரக் கிளைடர் என்றால் ஈரப்பதம் எதிரி, ஒட்டுப்பசை விடும். ஃபைபர் கிளைடர் என்றால் வெயில் எதிரி. அவை வெள்ளையாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக இல்லை. கறுப்பாக இருந்தால் வெயிலில் சூடேறி பிசின் இளகிவிடும். டெல்டாவில் ஐப்பசியில் ஈரம், சித்திரையில் வெயில் ரெண்டுமே உச்சம். இங்கே கிளைடர் வைத்திருக்கணும் என்றால் நல்ல கொட்டகைதான் முதல் செலவு.

அப்போ டெல்டாவில் பறக்க முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டிருக்கிறது. மேற்கே திருச்சியில் சர்வதேச விமான நிலையம். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் இந்த வானத்தில் ஒரு ட்ரோனைக்கூட இஷ்டத்துக்கு விட முடியாது.

அனுமதி கிடைத்தாலும் வயல் ஒத்துழைக்கணுமே. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது வெயிலின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். தரை சூடாகாது, தெர்மல் கிளம்பாது. சம்பா பருவம் முழுக்க அப்படித்தான். தை, மாசியில் அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, தரை காய்ந்தபின் பங்குனி, சித்திரையில் தெர்மல் கிளம்பும். அதுவும் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்தால் அடங்கிவிடும். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேட்டுநிலம். அங்கே தரை சீக்கிரம் சூடாகும், கருடன்களும் அங்கேதான் சீக்கிரம் வட்டம் போட ஆரம்பிக்கும்.

தெர்மல் கிடைக்காமல் வயலில் இறங்க நேர்ந்தால்? மேலிருந்து பார்க்க டெல்டா ஒரே சமதளம். பக்கத்தில் வந்தால்தான் வரப்பு தெரியும். ஒன்றரை அடி வரப்பு ஒரு கிளைடரின் சக்கரத்தையும் பைலட்டின் முதுகெலும்பையும் சேர்த்துப் பதம் பார்க்கப் போதும். அதற்கு மேல் வாய்க்கால், தென்னை, மோட்டாருக்குப் போகும் மின்கம்பி. தண்ணீர் நிற்கும் நடவு வயலில் இறங்கினால் சக்கரம் சேற்றில் புதைந்து மூக்கு குத்தும். பலமான ஏர்பிரேக், குறைந்த வேகம், நிலையான சக்கரம் என்று மேலே சொன்னதெல்லாம் இப்படி ஒரு நாளைக்காகத்தான். இப்படிப்பட்ட நிலத்துக்கு மேல் விகிதம் 40 உள்ள கிளைடரைவிட, ரெண்டு வரப்புக்கு நடுவில் நின்றுவிடும் கிளைடர் மேல்.

முதல் நாள்

கிளைடர் முடிவாகிவிட்டது, பயிற்றுநரும் சரி என்றுவிட்டார். அன்றைக்கே கிளம்ப வேண்டியதில்லை. கைப்புத்தகத்தை வீட்டில் படிங்க. ஸ்டால் வேகம், இறங்கும் வேகம், வின்ச்சில் தாண்டக் கூடாத வேகம் மூணும் மனப்பாடம் ஆகணும். கொட்டகையில் நிற்கும் கிளைடருக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையால் ஒவ்வொரு நெம்புகோலையும் தொடுங்க: ஏர்பிரேக், ட்ரிம், கயிறு விடும் மஞ்சள் குமிழ், கண்ணாடி மூடியைத் திறக்கும் பிடி. தப்பான ஒன்றில் கை போனால் மறுபடி முதலிலிருந்து.

இறக்கையைப் பொருத்தியதும் இன்னொருவர் வெளியே நின்று ஒவ்வொரு அசையும் தகட்டையும் கையால் பிடித்துக்கொள்ள, நீங்க உள்ளே இருந்து ஸ்டிக்கை அழுத்திப் பாருங்க. பழைய ரகங்களில் இந்த இணைப்புகளைக் கையால் மாட்டணும். மாட்ட மறந்தே கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். புதியவற்றில் தானாக மாட்டிக்கொள்ளும், ஆனாலும் சோதனையை விடக் கூடாது.

காற்று அமைதியான காலை நேரம் நல்லது. தெர்மல் பொங்கும் மதியம் வேண்டாம். முடிந்தால் விமானத்தால் இழுக்கச் சொல்லி 1,000 மீட்டர் வரை போங்க. அங்கே முதல் வேலை கும்பகோணம் பக்கம் மூக்கைத் திருப்புவது இல்லை. வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்டாலுக்கு முன் அந்தக் கிளைடர் என்ன சத்தம் போடுகிறது, எப்படி நடுங்குகிறது என்று மூணு முறையாவது கேட்டுப் பழகுங்க. ஏர்பிரேக்கைத் திறந்து மூடிப் பாருங்க. திறக்கும்போது மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கவனிங்க. பிறகு 300 மீட்டர் உயரத்தில் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் வந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக வட்டம் போட்டு, கடைசித் திருப்பத்தை நன்றாகச் சாய்த்து, வேகமீட்டரில் ஒரு கண் வைத்தபடி திரும்புங்க.